பாத்திக் பெயின்டிங்ல ஏன் ஒரு மோட்டார் சைக்கிள் கூட வர்றதில்ல

பினாங்கு வரப்போறீங்க, வீட்டு ஹால்ல மாட்ட தெரு, மார்க்கெட், ஜனங்கன்னு இருக்கிற பாத்திக் ஓவியம் ஒண்ணு வாங்கணும், எது கையால செஞ்சது எது பிரிண்டுன்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. கூடவே, ஆன்லைன்ல தேடினா எல்லாத்துலயும் அதே மீனவர், அதே கூடை வச்ச பொம்பளைங்க, அதே அத்தாப்பு ஓலைக் குடிசைதான் வருது, ஏன் இப்படின்னு போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிய கேள்வி. அதுக்கு பதில் தெரிஞ்சா வாங்குறது சம்பந்தமான பாதி குழப்பம் தானா போயிடும், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

பாத்திக்னா துணியில மெழுகு வச்சு சாயம் ஏத்துறது, மெழுகு இருக்கிற இடத்துல சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூட்சுமம். அது ரொம்பப் பழைய வேலை. ஜாவாவில தலைமுறை தலைமுறையா செய்றாங்க, நம்ம சோழமண்டலக் கரை கலம்காரியிலயும் நீலம் ஏத்தும்போது மத்த இடத்தை மெழுகு போட்டுத்தான் மறைப்பாங்க. ஆனா அதெல்லாம் கட்டுற துணி, விரிக்கிற துணி. அதையே சட்டம் போட்டு சுவத்துல மாட்டுற ஓவியமா ஆக்கினது 1950-கள்லதான், மலாயாவில அதுக்கு முன்னாடி நின்னவர் எங்க பினாங்குக்காரர் சுவா தியன் தெங். சீனாவுல ஃபூஜியன் பக்கம் பொறந்து இங்க வந்து சேர்ந்தவர், ஓவியம் படிச்சவர். போர் முடிஞ்சப்புறம் பாத்திக் துணி ஃபேக்டரி வச்சுப் பார்த்தார், ஓடல, மூடிட்டார். தொழில் போச்சு ஆனா கை பழகிடுச்சு, மெழுகு எந்தச் சூட்டுல எப்படி ஓடும், எந்தச் சாயத்து மேல எது ஏறும்னு எல்லாம் தெரியும், அப்ப இதுலயே படம் போட்டா என்னன்னு இறங்கிட்டார். 1955-ல பினாங்குல கண்காட்சி வச்சார். அவர் போட்ட 'டூ ஆஃப் எ கைண்ட்' ஓவியத்தை 1968-ல யுனிசெஃப் வாழ்த்து அட்டையா போட்டுச்சு, 1987-ல 'டெல் யூ எ சீக்ரெட்'னு இன்னொண்ணு. 2008-ல காலமானார். பினாங்குல பத்து ஃபெரிங்கிங்கிற இடத்துல அவங்க குடும்பத்தோட யாஹோங் கேலரி இருக்கு, பிள்ளைங்களும் பாத்திக் ஓவியர்கள்தான்.

அவர் என்ன வரைஞ்சார்னு பாருங்க. தாயும் புள்ளையும், மீன்பிடிக் கம்பம் (கிராமத்தை இங்க கம்பம்னுதான் சொல்லுவோம்), பழ சீசன்ல குவிச்சு வச்சு விக்கிறவங்க, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க. ராஜா ராணி கிடையாது, சாமி கிடையாது, ஒரு சரித்திர சம்பவம் கிடையாது. ஏன்னா அது எந்தக் காலம்னு யோசிச்சுப் பாருங்க, 1955-ல மலாயாவுக்கு முதல் பொதுத் தேர்தல், 1957-ல சுதந்திரம். மலாய்க்காரங்க, சீனங்க, தமிழங்கன்னு மூணு பேரும் ஒரே நாட்டுக்காரங்கன்னு சொல்லணும், ஆனா மூணு பேருக்கும் பொதுவான கோயிலும் இல்ல கதையும் இல்ல. மூணு பேரும் ஒண்ணா நிக்கிற இடம் மார்க்கெட்டும் கடைத்தெருவும்தான். "எங்க ஊர் ஓவியம்"னு ஒண்ணு வேணும்னு தேடினவங்க அங்கதான் போய் நின்னாங்க. எண்ணெய் வர்ணம் வெள்ளைக்காரன் சாமான், மை ஓவியம் சீனாவோடது, பாத்திக் இந்த மண்ணுல புழங்குறது, அதனால அதையே எடுத்துக்கிட்டாங்க. சிங்கப்பூர்ல நான்யாங் ஓவியர்கள் (நான்யாங்னா சீனங்க இந்தத் தென்கிழக்காசியப் பக்கத்துக்கு வச்ச பேரு) நாலு பேரு, லியு காங், சியோங் சூ பியெங், சென் வென் ஷி, சென் சோங் ஸ்வீ, 1952-ல பாலித் தீவுக்குப் போய் அங்க இருந்த ஜனங்களை வரைஞ்சிட்டு வந்ததும் இதே தேடல்தான்.

இன்னொண்ணு சொல்லணும், சில பேருக்குப் பிடிக்காது. அப்ப வரைஞ்ச நிறைய பேரு வெளியிலேர்ந்து வந்தவங்க, கம்பத்து வாழ்க்கையை அவங்க பாக்கிறது ஒரு விருந்தாளி பாக்கிற மாதிரி இருக்கும். எல்லாரும் அமைதியா இருப்பாங்க, யாரும் சண்டை போட மாட்டாங்க, கடன் கேட்டு எவனும் வந்து நிக்க மாட்டான். தெங் கிட்டயும் அது உண்டு. ஆனா அவர் அதை சமாளிச்சது உருவங்களை ஒண்ணோட ஒண்ணு பின்னி வைக்கிற விதத்துல. தாயோட கை எங்க முடியுது புள்ளையோட முதுகு எங்க ஆரம்பிக்குதுன்னு சட்டுன்னு சொல்ல முடியாது. அது அழகுக்காக மட்டும் செஞ்சது இல்ல, பாதி அந்தக் கருவியோட குணம். இதைக் கொஞ்சம் விளக்கிடுறேன், ஏன்னா பாத்திக் ஓவியத்தைப் பாக்கத் தெரியணும்னா இதுதான் அடிப்படை.

சாந்திங்னு ஒரு கருவி, மரக் கைப்பிடி, நுனியில சின்ன செம்புக் கிண்ணம், அதுல ஒரு மூக்கு. உருகின மெழுகை அள்ளி கோடு போடணும். கை நின்னா சொட்டிடும், அதனால போட ஆரம்பிச்சா ஓடிக்கிட்டே இருக்கணும், சிக்குக் கோலத்துல இழை எப்படி நிக்காம வளைஞ்சு போய் ஆரம்பிச்ச இடத்துக்கே வருமோ அந்த மாதிரி. சூடு அதிகமானா மெழுகு துணியில பரவி கோடு தடிச்சுப் போகும், கம்மியானா துணிக்கு மேலயே உக்காந்துக்கும், அடியில சாயம் பூந்துடும். சரியா இறங்கியிருந்தா அந்த இடம் எண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி ஒளி ஊடுருவும், மேலாப்புல வெளுப்பா நின்னா திருப்பிப் போட்டு பின்பக்கமும் மெழுகு வைக்கணும். இப்படி ஒரு கருவியில கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் போட்டு ஆயிரம் முகம் வரையறதுங்கிறது நடக்காத காரியம். அதனாலதான் பாத்திக் கூட்டத்துல முகம் வெறுமையா இருக்கும், ஆனா தோள் சாய்ஞ்சிருக்கிற விதம், இடுப்புல கூடையை அணைச்ச விதம், குனிஞ்ச முதுகு, இதுலயே ஆளைச் சொல்லிடுவாங்க. நல்ல பாத்திக்ல முதுகைப் பாத்தே இவ விக்கிறவளா வாங்க வந்தவளான்னு சொல்லிடலாம்.

அடுத்தது நிறம். பழைய முறைப்படி துணி முழுசையும் சாயத்தொட்டியில முக்கி எடுக்கிறதா இருந்தா லேசான நிறத்துலேர்ந்து அடர்த்தியானதுக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழி இல்ல. மலேசியாவோட கிளந்தான் மாநிலத்துல ஒரு பட்டறையில மார்க்கெட் காட்சி ஒண்ணு உருவாகுறதை பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். முதல்ல வெள்ளையா நிக்க வேண்டியதுக்கெல்லாம் மெழுகு: முட்டை, மீனோட வயித்துப் பக்கம், ஒரு பாட்டியோட ரவிக்கை. துணி வெளிர் மஞ்சள்ல இறங்கி ஏறுது, காயுது. இப்ப வாழைப்பழத்துக்கும் ஓலைத் தொப்பிக்கும் மெழுகு. அடுத்து காவி கலந்த ஆரஞ்சு, அதுல யாரோ ஒருத்தியோட சாரோங் (கைலி) நிக்குது. அப்புறம் பழுப்பு, அங்கதான் எல்லார் கை, கால், முகமும் ஒரே நேரத்துல மெழுகுக்குள்ள போகுது. கடைசியா கருநீலம், பழுப்பு மேல ஏறி கிட்டத்தட்ட கறுப்பா வரும், அதுதான் கூரை நிழல், கடையோட உள்பக்கம். பச்சை இலை வேணும்னா மஞ்சள் மேல அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ்ல நீலம் தடவி, காயவிட்டு, மெழுகு போட்டு மூடணும். சாயம் எல்லாமே பச்சத்தண்ணியில ஏறுற ரகமா இருக்கணும், தண்ணி சுட்டா மெழுகு கரைஞ்சிடும். கடைசியில கொதிக்கிற தண்ணியில போட்டு மெழுகை எடுப்பாங்க, மேல மிதக்கிறதை அள்ளி வச்சு மறுபடி உபயோகிப்பாங்க.

இதுல கவனிச்சீங்களா, எல்லாரோட தோலும் ஒரே தொட்டியிலேர்ந்து வருது. மலாய்க்காரி, சீனக் கிழவர், தமிழ் பால்காரர், மூணு பேருக்கும் ஒரே பழுப்பு. தனித்தனி தோல் நிறம் வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு முக்கல், இன்னொரு மெழுகு, எவன் செய்வான்? அதனால யார் எந்த இனம்னு உடுப்புலயும் தலையிலயும்தான் தெரியும்: சாரோங், முக்காடு, கூம்புத் தொப்பி, வேட்டி, தலைப்பாகை. ஒரு புது நாடு தன்னைப் பத்தி சொல்லிக்க ஆசைப்பட்டதை சாயத்தொட்டி தானாவே செஞ்சு குடுத்துடுச்சுன்னு எனக்குத் தோணும், இதை யாராவது ஆர்ட் படிச்சவங்க கிட்ட சொன்னா சிரிப்பாங்க, பரவாயில்ல.

இப்ப மலேசியாவில அதிகம் நடக்கிறது வேற முறை. மெழுகுக்கோடு ஒரே தடவை, சட்டத்துல இழுத்துக் கட்டின துணியில கட்டம் கட்டமா ரெமசோல்ங்கிற ரசாயனச் சாயத்தை பிரஷ்ல நிரப்பிட்டே போறது, அப்புறம் சாயம் பிடிச்சு நிக்க சோடியம் சிலிக்கேட் தடவி சில மணி நேரமோ ராத்திரி முழுக்கவோ விட்டு அலசி மெழுகு எடுக்கிறது. பளிச்சுன்னு எந்த நிறமும் எந்த நிறத்துக்குப் பக்கத்துலயும் வரும், வேகமா முடியும். குறை சொல்லல, இதுலயும் நல்லா செய்றவங்க இருக்காங்க. ஆனா முக்கி எடுத்ததுல எல்லா நிறத்துக்கும் அடியில அந்த முதல் மஞ்சள் ஓடிக்கிட்டு இருக்கும், அதனால படம் முழுக்க ஒரே வெயில்ல நிக்கிற மாதிரி இருக்கும், அது இதுல வராது. கடையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நான் சொல்லாமலே தெரியும்.

சரி, ஏன் எல்லாம் ஒரே மாதிரி? தெங் வரைஞ்சப்ப அது அன்னிக்கு கண்ணு முன்னாடி நடந்தது. கூடை சுமந்த பொம்பளையும் பாய்மரப் படகும் வெளியில போனா பாக்கலாம். பின்னாடி 1970-கள்ல டூரிஸ்ட் கூட்டம் வர ஆரம்பிச்சுது, எது வித்ததோ அதையே போட்டாங்க, பாத்துப் பாத்து காப்பி பண்ணினாங்க, கம்பத்தையே பாக்காத பையன் கம்பம் வரைஞ்சான். இன்னிக்கு பினாங்குல காலையில எந்த மார்க்கெட்டுக்குப் போனாலும் முதல்ல இடிக்கிறது மோட்டார் சைக்கிள்தான், ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் சிவப்பு பிளாஸ்டிக் பை தொங்கும், கோழிக்கடையில வங்காளதேசப் பையன் நிப்பான், மீன்காரர் கல்லாவில கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும், அஞ்சடியில, அதாவது கடை முன்னாடி நடைபாதையில, நீல நாற்காலி போட்டு ரொட்டி சானாய் சாப்பிடுவாங்க. இதுல ஒண்ணு கூட விக்கிற பாத்திக்ல வராது. அன்றாட வாழ்க்கைன்னு பேரு வச்சு எழுபது வருஷத்துக்கு முந்தின அன்றாடத்தை விக்கிறாங்க.

பாத்திக் எப்பவுமே அப்படித்தான், பழசைத்தான் காட்டும்னு சொல்லுவாங்க சில கடைக்காரங்க. நம்பாதீங்க. ஜாவா வடகரையில, பெக்கலோங்கான் பக்கம், டச்சுக்காரன் காலத்துல 'பாத்திக் கொம்பெனி'ன்னு ஒரு ரகம் இருந்துச்சு. சிப்பாய்ங்க, நீராவிக் கப்பல், ரயில், ஆகாய விமானம் எல்லாம் சாரோங்ல ஓடும். உடுத்துற துணியிலயே அன்னிக்கு ஊருக்குள்ள புதுசா வந்து இறங்கினதை வரைஞ்சவங்க அவங்க. ரயிலை வரைஞ்ச மெழுகுக்கு மோட்டாரை வரைய வராதா என்ன. வாங்குறவங்க கேக்கல, அவ்வளவுதான்.

நீங்க கேட்டது பினாங்குன்னாலும் இந்தோனேசியாவில இருக்கிற ஜோக்ஜகார்த்தா பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா நிறைய பேரு அங்கயும் போய் வாங்குறாங்க. அங்க தாமான் சாரி அரண்மனைக் குளத்தைச் சுத்தி பாத்திக் ஓவியப் பட்டறைங்க நிறைய, 1960, 70-கள்ல நிஜமாவே பெரிய ஓவியர்கள் இதுல வேலை செஞ்ச ஊரு, அம்ரி யாஹ்யா, பாகோங் குஸ்ஸுதியார்ஜா மாதிரி ஆளுங்க. ஆனா மாலியோபோரோ ரோட்டுல நடந்தா ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே வந்து எந்த ஊருன்னு கேப்பான், ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் கண்காட்சி இன்னிக்குத்தான் கடைசி நாள்னு சொல்லி சந்துக்குள்ள கூட்டிட்டுப் போவான். அந்தக் கடைசி நாள் வருஷம் முழுக்க நடக்கும். இந்தோனேசிய பாத்திக்குக்கு 2009-ல யுனெஸ்கோ பட்டியல்ல இடம் கிடைச்சதை வேற சொல்லி விலை ஏத்துவாங்க, அந்த அங்கீகாரம் மொத்தக் கலைக்கு, அவன் கையில இருக்கிற துணிக்கு இல்ல.

யாரோடதைப் பாக்கலாம்னா, என் ருசிக்கு முதல்ல இஸ்மாயில் மாட் ஹுசைன். கிளந்தான்காரர், வயலின் வாசிக்கிறவர், கோத்தா பாரு ரேடியோ ஆர்கெஸ்ட்ராவுல இருந்தவர், 2015-ல போயிட்டார். அவர் போட்ட மீனவங்களும் சந்தைக்காரிகளும் அந்த ஊர்க்காரன் பாத்த ஆளுங்க, கண்ணுக்கு இனிமையா இருக்கணும்னு பாடுபட மாட்டார், பழுப்பும் கறுப்புமா கனமா இருக்கும், வலை இழுக்கிற உடம்புல களைப்பு தெரியும். கோத்தா பாருவில சித்தி கதீஜா மார்க்கெட்டுக்குப் போனவங்களுக்குத் தெரியும், கடைக்காரங்க முக்கால்வாசி பொம்பளைங்கதான், காய்கறிக்கு நடுவுல மேடையில உக்காந்து அதிகாரமா வியாபாரம் பண்ணுவாங்க. அதைப் பாத்துட்டு இவர் ஓவியத்தைப் பாத்தீங்கன்னா கூடைக்காரிங்கிறது அலங்காரப் பொம்மை இல்லன்னு புரியும். சிங்கப்பூர் போனா நேஷனல் கேலரியில சியா கிம் ஜூ 1968-ல பண்ணின மலாயா வாழ்க்கைக் காட்சி ஒண்ணு இருக்கு, அவர் திரெங்கானுவில வளர்ந்து பாத்திக் செய்றவங்க கிட்டயே தொழில் கத்துக்கிட்டவர். கோலாலம்பூர் குவான் சின் கொஞ்சம் கலர்ஃபுல், ஹால்ல மாட்ட ஆசைப்படுற உங்களுக்கு அவர் மாதிரி பாணி பிடிக்கலாம். பினாங்குலயே ஆர்மேனியன் ஸ்ட்ரீட்ல பாத்திக் பெயின்டிங் மியூசியம்னு சின்னதா ஒண்ணு இருக்கு, திறந்திருக்கான்னு முன்னாடியே பாத்துக்கிட்டு, கடைக்குப் போறதுக்கு முன்னால அங்க ஒரு மணி நேரம் செலவு பண்ணுங்க.

சென்னைக்காரங்களுக்கு இது எல்லாம் வேற ஊரு கதைன்னு தோணும். ஆனா சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல வந்ததே கைவினைப் பொருள் வித்த காசுலதான், கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில ஓவியர்கள் ஒண்ணு சேர்ந்து பாத்திக் துணி பண்ணி வித்து நிலம் வாங்கினாங்க. கேன்வாஸ் விக்காத காலத்துல அவங்களுக்கு சோறு போட்டது பாத்திக்.

எங்க ஆளுங்களைப் பத்தி ஒரு வருத்தம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். மலேசிய பாத்திக் ஓவியத்துல தமிழங்க வந்தா பால் வெட்டுறவங்களா, ஆட்டுக்காரரா, பால் கேன் கட்டின சைக்கிள்காரரா வருவாங்க, அதுவும் எப்பவாவது. தோள்ல கண்டார்ங்கிற காவடிக் கம்பு வச்சு, அதுல ரெண்டு பக்கமும் சோத்துப் பானையும் கறியும் தூக்கிட்டு துறைமுகத்துல வித்தவங்க தமிழ் முஸ்லிம்ங்க, இன்னிக்கு நாடே சாப்பிடுற நாசி கண்டாரோட பேரே அதுலேர்ந்து வந்தது. பூக்கட்டுறவங்க, பணம் மாத்துற கடை, தைப்பூசத்துக்கு ரோடு முழுக்க உடையுற தேங்காய், இதெல்லாம் மெழுகுக்கு அல்வா மாதிரி விஷயம். யாராவது தமிழ்ப் பிள்ளைங்க இறங்கினா நல்லா இருக்கும்.

இப்ப வாங்குற விஷயம், சுருக்கமா. ஃப்ரேம் போடாத துணியா கேளுங்க, திருப்பிப் பாருங்க. மெழுகும் சாயமும் துணியை ஊடுருவிப் போறதால பின்பக்கமும் கிட்டத்தட்ட அதே அடர்த்தியில இருக்கும், பிரிண்டுன்னா பின்னாடி வெளிறிப் போயிருக்கும். ஃப்ரேம் போட்டதா இருந்தா வெளிச்சத்துக்கு நேரா பிடிக்க முடியுதான்னு கேளுங்க, முடியாதுன்னா விட்டுடுங்க. மெழுகு வெடிச்சு அதுல சாயம் ஓடின மெல்லிய நரம்புக் கோடுங்க இருக்கும், பாரஃபின் அதிகமா இருந்தா நிறைய வெடிக்கும், தேன்மெழுகு கலந்தா கம்மி. அந்த நரம்பு ஒரு இடத்துல இருக்கிற மாதிரியே இன்னொரு இடத்துல இருக்கவே கூடாது. ரெண்டு மூலையில ஒரே மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அது மிஷின். கோட்டுல எங்கயாவது ஒரு சின்ன சொட்டு விழுந்திருந்தா சந்தோஷப்படுங்க, கை போட்டதுக்கு அடையாளம். ரொம்ப சுத்தமா, ஒரே தடிப்புல, ஒரே காட்சி பத்து பீஸ் அடுக்கி வச்சிருந்தா, கையால செஞ்சதாவே இருந்தாலும் அது பார்த்துப் போட்டது, அதுக்கு அந்த விலை மட்டும் குடுங்க.

கடைக்காரர் கிட்ட "நல்ல பாத்திக் இருக்கா"ன்னு கேக்காம, இது முக்கி எடுத்ததா பிரஷ் போட்டதா, எத்தனை தடவை மெழுகு வச்சாங்க, யார் போட்டதுன்னு கேளுங்க. தெரிஞ்சவர்னா உடனே உற்சாகமா பேச ஆரம்பிச்சிடுவார், தெரியாதவர் பேச்சை மாத்தி டிஸ்கவுன்ட்டுக்குப் போயிடுவார். இன்னிக்குத் தெருவை வரையிற ஆள் யாராவது இருக்காங்களான்னும் கேட்டுப் பாருங்க, நாலு பேரு கேட்டாத்தான் வரைவாங்க.

ஊருக்குக் கொண்டு போகும்போது மடிக்காதீங்க, அட்டைக் குழாய்ல சுருட்டி எடுத்துட்டுப் போங்க, மடிப்பு விழுந்தா ஃப்ரேம்ல போட்டப்புறமும் தெரியும். சென்னை வெயில் நேரா படுற சுவர் வேண்டாம், எவ்வளவு நல்ல சாயமும் ரெண்டு கோடை தாண்டினா வெளிற ஆரம்பிச்சிடும். கண்ணாடி போட்டா துணியில ஒட்டாம நடுவுல கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்க, இல்லன்னா மழைக்காலத்துல உள்ள ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சிடும். அழுக்கானா லாண்டரிக்கு மட்டும் போடாதீங்க, மெல்லிய பிரஷ்ல தூசி தட்டினா போதும்.